பொனெட்டுக்குள்ளே ஒரு கொக்கி

மார்ச் 5, வியாழன்

வெயில். மூன்று நாளாக மழை இல்லை. காலை ஷிஃப்ட். ஹோட்டல் முழுக்க ஆட்கள் போல, லாண்டரியில் படுக்கை விரிப்பு மலையாகக் கிடந்தது. ஒரு மெஷின் வேறு ரிப்பேர்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன் பிரவின் போன், ஜொகூரிலிருந்து. அப்பா காடியை, அந்தக் காரை, வாங்க ஆள் கிடைத்துவிட்டதாம். கோலா கங்சாரில் ஒரு மலாய்க்கார ஆசிரியர். அடுத்த வாரம் ஞாயிறு வருவாராம்.

"ஓடுனா ஓட்டிட்டுப் போவாரு. ஓடலன்னா லோரியில ஏத்திக்குவாராம். நீ சாவிய மட்டும் கொடும்மா, போதும்."

சரி என்றேன். டிசம்பரிலிருந்து எல்லாவற்றுக்கும் சரிதான். சவப்பெட்டிக்குச் சரி. கருமாதிச் சாப்பாட்டுக்குச் சரி. அவர் சட்டைகளை ஆசிரமத்துக்குக் கொடுக்கலாமா, சரி. வாயில் சுலபமாக வருவது அது ஒன்றுதான்.

காடி போர்ச்சில்தான். துணி போர்த்தி, ஒன்றரை வருஷமாக. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடி, இரண்டே சீட், கூரையை மடக்கிப் பின்னால் போடலாம், முன் விளக்கு இரண்டும் சுவிட்சைப் போட்டால் தவளைக் கண்போல் மேலே எழும்பும். என் வீட்டுக்காரர் சேகருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்குத்தான். புந்தோங்கில் என் கூட்டாளிகள் அதைச் சின்ன வீடு என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

லோரி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. எதிர் வீட்டுக் காடியைத் தூக்கிப்போனபோது அவர் சொன்னது: "நம்மளத செத்த மாடு மாதிரி தூக்கிட்டுப் போவக் கூடாது. போனா சொந்தக் கால்ல போவணும்."

அவரே சொந்தக் காலில் போகவில்லை. ஸ்ட்ரோக், ஒரு வருஷத்துக்கு மேல் கட்டில், மூக்கில் குழாய், அப்புறம் வேன்.

தூக்கம் வராவிட்டால் எதையாவது எழுதுங்கள் என்று கிளினிக் டாக்டர் சொன்னதால் இது. எழுதியாச்சு.

மார்ச் 6, வெள்ளி

வாங்க வேண்டியது: முட்டை, சோப்பு, பல்பொடி, எலுமிச்சம்பழம் (வேண்டாம், பழக்கத்தில் எழுதிவிட்டேன்).

ஆ லோக்குக்குப் போன் போட்டேன். சேகரும் அவரும் ஒரே ரப்பர் தோட்டம். அவருடைய அப்பா தோட்டத்துக் கடைக்காரர். பால்வெட்டுக்காரப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். மெங்லெம்புவில் வொர்க்‌ஷாப். இப்போது முழங்கால் ஆபரேஷன், வீட்டைவிட்டு வர முடியாது.

"அக்கா, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடணுமா? யார் செய்யறது?"

"நான்தான்."

"சரி லா. நீ கை, நான் வாய்."

முதலில் பேட்டரி. பொனெட்டுக்குள் தேடு தேடு என்று தேடினேன். இந்தக் காடிக்குப் பேட்டரி பின்னால், சாமான் வைக்கிற பெட்டிக்குள். இது தெரியாமலே இத்தனை வருஷம். பேட்டரி செத்துப் போயிருந்தது. ஆ.லோ. சொல்லிக் கடைக்காரர் புதுசு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். கறுப்பு ஒயரை முதலில் கழட்டு, கடைசியில் மாட்டு. பத்தாம் நம்பர் ஸ்பானர். சேகரின் ஸ்பானர்கள் வரிசையாக, துணி சுற்றி. என் சமையல்கட்டு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம் என்றார் ஆ.லோ. நிறுத்திவிட்டுச் சோறு வடித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மத்தியானத்துக்கு மேல் மழை. நல்ல இடி.

காலையில் புதுப் பெட்ரோல் ஊற்றியாச்சு. ஏர் பில்டர் டப்பாவைத் திறந்தால் எலிக்கூடு. காய்ந்த புல், மிட்டாய்த் தாள், என் பழைய பாவாடைத் துண்டு ஒன்று. எலி இல்லை.

ஐந்தாவது தடவையில் பிடித்தது. வெள்ளைப் புகை, போர்ச்சு முழுக்க. காடி கிடந்து ஆடுகிறது, ஸ்டியரிங் என் கையில் உதறுகிறது. போனைப் பொனெட் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிக் கேட்டார் ஆ.லோ.

"நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல அக்கா. நாலு பேரு பாடை தூக்குறான், ஒருத்தன் தூங்கிட்டான், அந்த மாதிரி."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்கிறது. "ஐயோ. சாரி அக்கா. சாரி லா."

பரவாயில்லை என்றேன். நிஜமாகவே பரவாயில்லை. அவர் பதறியதைக் கேட்டு நான் ஏன் பதறவில்லை என்று மட்டும் யோசித்தேன். பெட்டி எடுத்த அன்றைக்கும் இப்படித்தான். பொம்பளைகள் என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஒரு சொட்டு வரல பாரேன்." வந்தால் அடக்கவா போகிறேன்.

மார்ச் 9, திங்கள்

வேலை முடிந்து நேராகக் காடிதான். இஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் ஆட்டம் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. கூடவில்லை என்றால் அதுதான் தூங்குகிறவன். ஷாக் அடிக்காமல் இருக்க லாண்டரியின் தடித்த கையுறையும் சேகரின் குறடு ஒன்றும்.

ஒன்று: கூடியது. இரண்டு: கூடியது. மூன்று: அப்படியே. ஆள் கிடைத்தான்.

நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர். போர்ச்சுக்குக் கூரை இருக்கிறது, மேலே துணி வேறு. எப்படித் தண்ணீர்?

"தண்ணி எடுக்காம பிளக்கைக் கழட்டாதே. எல்லாம் இஞ்சினுக்குள்ள போயிடும்" என்றார் ஆ.லோ. இன்றைக்கு இவ்வளவு போதும்.

கால் வலி. ரசம் புளித்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

குழி ஆழம், துணி எட்டவில்லை. நுனி நீளமான ஊசி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் ஆ.லோ. இருக்கிறது. மருந்து டப்பாவில், சேகருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஏற்றின பெரிய சிரிஞ்ச். கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமலே. அதில் உறிஞ்சினேன். தினம் ஆறு வேளை உள்ளே தள்ளிய கை இன்றைக்கு வெளியே இழுத்தது. கை அதுபாட்டுக்குச் செய்தது.

தண்ணீர் லேசாக மஞ்சள். பிளக்கின் வெள்ளைக் கழுத்திலும் மஞ்சள் படிவு. துரு இந்த நிறம் வராது. லாண்டரியில் இருபது வருஷமாகக் கறை பார்க்கிறவள் நான். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். குங்குமமாகச் சிவந்தது. மஞ்சள்தூள்தான், சந்தேகமே இல்லை.

புரிந்துவிட்டது. கருமாதி அன்றைக்குத் தீட்டுக் கழிக்க என் கொழுந்தன் மணியம் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக வீடு பூராவும் தெளித்துக்கொண்டு போனார். சிலிம் ரிவரில் இருக்கிறவரைப் போனில் பிடித்தேன்.

"தம்பி, அன்னிக்கு அண்ணன் காடிக்கும் மஞ்சத்தண்ணி தெளிச்சீங்களா?"

"தெளிக்காம? பொனெட்டத் தொறந்து ஒரு சொம்பு ஊத்தினேன் அண்ணி. அண்ணன் உயிரே அதுலதான இருந்திச்சு."

"சொம்பு பூராவுமா?"

"நல்லா ஊத்தினேன். ஏன் அண்ணி, ஓடுதா?"

ஓடும் என்றேன். நல்ல மனுஷன். வேறு என்ன சொல்ல?

ஆ.லோ.விடம் சொன்னேன். அரை நிமிஷம் இருமினார். சிரிப்புதான், முழங்கால் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 11, புதன்

புது பிளக் நாலு, புது ஒயர் நாலு. கையால் திருகி உட்கார வை, கடைசியில்தான் ஸ்பானர் என்றார். செய்தேன்.

ஒரே திருப்பில் பிடித்தது. ஆட்டம் இல்லை. தையல் மெஷின் சத்தம். போனை நீட்டினேன், ஆ.லோ. கேட்டுக்கொண்டே இருந்தார். மூக்கு உறிஞ்சும் சத்தம். "அவன் சத்தம் அக்கா இது" என்றார். அழுகிறார்.

எனக்கு ஒன்றும் இல்லை. சத்தம் நன்றாக இருக்கிறது என்று பட்டது, அவ்வளவுதான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். நாங்கள் சண்டை போட்ட தம்பதி இல்லை. அதிகம் பேசின தம்பதியும் இல்லை. திங்கள் விடிவதற்கு முன் தஞ்சோங் மாலிம் காடிக் கம்பெனிக்குப் போய்விடுவார், கூட்டாளிகளோடு அங்கேயே அறை, வெள்ளி ராத்திரி திரும்புவார். சனிக்கிழமை தூக்கம், ஞாயிறு பொனெட்டுக்குள் தலை. நான் கொண்டுபோய் வைக்கிற தேத்தண்ணி ஆறிக் கிடக்கும். இந்தக் காடியின் ஒவ்வொரு ஆணியையும் தெரிந்தவர் என்னை எவ்வளவு கவனித்தார் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் எதற்கு அழுவது, யாருக்கு அழுவது?

மார்ச் 12, வியாழன்

ரமலான் நோன்பு பாசார், தெருச்சந்தை நெரிசல், பஸ் நகரவில்லை. லேட்டாக வந்தேன்.

இடது விளக்கு எழும்பவில்லை. வலது எழும்புகிறது, காடி கண்ணடிக்கிற மாதிரி நிற்கிறது. எர்த் ஒயர் துருப்பிடித்தால் இப்படி ஆகும், ரேடியேட்டர் பக்கத்தில் கறுப்பு ஒயர்கள் சேருகிற போல்ட்டைப் பார் என்றார் ஆ.லோ.

பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். நான் பழம் கட்டும் இடம்.

காடி வந்த புதிதில் தாமானே, குடியிருப்பு முழுக்க, வந்து நின்று பார்த்தது. அத்தனை கண். ஒரு எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றேன். "எலுமிச்சம்பழம் பிரேக் புடிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதனால் சொல்லாமல் கட்டினேன். திங்கள் அவர் கிளம்பினதும், இருட்டோடு, வேலைக்குப் போகும் முன். பொனெட்டுக்குள், நறுக்கின பழம், குங்குமம் தடவி, கறுப்பு நூலில். வெள்ளி சாயங்காலம் அவர் வருவதற்குள் கழட்டி வாய்க்காலில் போட்டுவிடுவேன். முதலில் அந்த ஒயர் போல்ட்டில்தான் கட்டினேன். அப்புறம் ஒரு திங்கள் பார்த்தால் பக்கத்தில் ஒரு கொக்கி. காடிக்கு ஏதோ புது பார்ட் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வசதியாக இருந்தது. அதிலேயே கட்ட ஆரம்பித்தேன். அவர் விழுந்த பிறகு கட்டவில்லை.

கொக்கி அப்படியே பளபளவென்று இருக்கிறது. முனையில் ரப்பர் குழாய்த் துண்டு. போல்ட்டும் சுத்தம். துரு எங்கேயும் காணோம்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். இந்தக் கொக்கியையும் கழட்டித் துடைக்கணுமா என்று கேட்டு.

மார்ச் 14, சனி

நேற்று ஆ.லோ. ஆஸ்பத்திரி செக்கப், பதில் இல்லை. விளக்கு மோட்டார் இறுகியிருக்கலாம் என்று யோசித்து, அதன் தலையில் இருக்கிற திருகைக் கையால் சுற்றினேன். மூன்றாவது தடவை இரண்டு கண்ணும் சேர்ந்து எழும்பின. இது நானே கண்டுபிடித்தது.

இன்று காலை பத்து மணி வாக்கில் அவருடைய வாய்ஸ் மெசேஜ். பல தடவை கேட்டுவிட்டேன். மறக்காமல் இருக்க அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, அந்தக் கொக்கி காடியோடது இல்ல. நான் வளைச்சுக் குடுத்தது. ரொம்ப வருஷம் ஆச்சு. சேகர் ஒரு நாளு எர்த் ஒயரைத் தூக்கிட்டு வந்தான். பச்சை புடிச்சு, அரிச்சு, ஒண்ணும் இல்ல. நான் கேட்டேன், டேய் ஆசிட் ஊத்துனியா? இல்லடா, எலுமிச்சம்பழச் சாறுன்னான். வீட்டுல கட்டுறா, நான் இல்லாத நேரமாப் பாத்து கட்டுறா, சொட்டிச் சொட்டி இப்படி ஆயிருச்சுன்னான். சிரிக்கிறான். அப்ப கட்டாதேன்னு சொல்ல வேண்டியதுதான லா, அப்படின்னேன். அவன் சொன்னான், சொன்னா நிறுத்திருவாடா. அதுக்கப்புறம் ஒயரை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டான். இந்தப் பக்கம் பழத்துக்குக் கொக்கி. துரு புடிக்காத கம்பியா வேணும்னான். முனைக்கு ரப்பர் போட்டது அவன்தான், நான் இல்ல. உனக்குத் தெரியும்னு நெனச்சேன் அக்கா."

தெரியாது.

சொன்னால் நிறுத்திவிடுவாள். அப்படியென்றால் நிறுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பொனெட்டைத் திறந்து, போன வாரத்துக் குங்குமம் ஒட்டியிருக்கிற கொக்கியைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் நான் வைத்த தேத்தண்ணியை ஆறவிட்டிருக்கிறார். ராஸ்கல்.

பிரவினுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லலாமா? போனை எடுத்தேன், வைத்தேன். எனக்குக் கியர் காடி ஓட்டத் தெரியாது. போர்ச்சில் துணி போர்த்தி வைத்தால் இன்னொரு கட்டில். ஒரு கட்டில் பார்த்தாச்சு. போகட்டும். இந்தச் சரி மட்டும் நான் யோசித்துச் சொல்கிற சரி.

துணி துவைக்கவில்லை. சாப்பிட்டேனா? ரொட்டி.

மார்ச் 15, ஞாயிறு

விடியும் முன் எழுந்து போர்ச்சுக்குப் போனேன். விளக்குப் போடவில்லை. எப்போதும் போடமாட்டேன், அக்கம்பக்கம் பார்க்கும் என்று. பொனெட்டைத் திறந்து பழக்கப்படி உள்ளே கையை விட்டேன். விரலில் முதலில் பட்டது ரப்பர்.

பழத்துக்கு எதற்கு ரப்பர்? கம்பி முனை கூர். இருட்டில் தடவுகிற விரல் என்னுடையது.

அங்கேயே நின்றேன். சேவல் கூவியது, பக்கத்து வீட்டில் நோன்புக்கான சஹூர்ச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவும் சத்தம். கண்ணில் ஒன்றும் வரவில்லை. பொனெட்டைச் சத்தம் வராமல் மூடினேன்.

பத்தரைக்கு ஆசிரியர் வந்தார், தம்பியோடு. ஹஃபிஸ் என்று பெயர். மலாயில்தான் பேச்சு. நோன்பு, அதனால் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாமல் சங்கடம். டயரைத் தட்டினார், கூரையை மடக்கினார், அடியில் படுத்துப் பார்த்தார். சாவியைத் திருப்பினதும் பிடித்தது. யார் வேலை செய்தது என்று கேட்டார். நான் என்றேன். சிரித்தார், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

பொனெட்டுக்குள் குனிந்து, "இது என்ன ஆன்ட்டி?"

கொக்கி.

"இது காடியோடது இல்ல. வீட்டுச் சாமான். கழட்டிக்கிறேன்."

தம்பிக்காரர் செய்கிறேன் என்று கை நீட்டினார். வேண்டாம் என்றேன். பத்தாம் நம்பர் ஸ்பானர் காலையிலிருந்து என் பையில். இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் வந்தது.

போகும் முன் ஒரு சுற்று வருகிறீர்களா என்று கேட்டார் ஹஃபிஸ். வேண்டாம். கொஞ்சம் கேக் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன், நோன்பு திறக்க. தெரு முனையில் திரும்பும்போது, பட்டப்பகலில், விளக்கைப் போட்டுக் காட்டினார். இரண்டு கண்ணும் எழும்பின. சொந்தக் காலில் போனது.

பிரவின்: "முடிஞ்சிச்சாம்மா? நிம்மதியா?" ம் என்றேன்.

ஆ.லோ.வுக்குப் போட்டோ அனுப்பினேன், கொக்கி மட்டும், என் உள்ளங்கையில். ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வந்தது.

மார்ச் 16, திங்கள்

இருட்டோடு எழுந்தேன். குளித்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து, பழத்தை எடுத்து, நறுக்கி, குங்குமம் தடவிவிட்டேன். எப்போது வாங்கினேன் அந்தப் பழத்தை? நூலை வாயில் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனால் போர்ச்சில் எண்ணெய்க் கறை மட்டும். நாலு டயர் நின்ற இடம் வெளுப்பாக.

அப்புறம் நடந்தது சரியாக எழுத வரவில்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. யாரோ அக்கா அக்கா என்றார்கள். இரண்டு பஸ் போய்விட்டது.

லாண்டரிக்குப் போனபோது எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்க்கிற சாந்தி என் முகத்தையும் நனைந்த சேலை முந்தானையையும் பார்த்தாள்.

"ஏன் லேட் அக்கா? என்ன ஆச்சு?"

"வீட்டுக்காரரு இறந்துட்டாரு" என்றேன்.

அவளுக்குத் தெரியும். டிசம்பரில் மாலை வாங்கிக்கொண்டு வந்தவளே அவள்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.